உன் அம்மாவின் வலது முட்டி

அன்புள்ள மகனே,

'இங்கு அனைவரும் நலம்' என்று ஒவ்வொரு கடிதத்துக்கும் முதல் வரி எழுதி எழுதி என் கை அதற்குப் பழகிவிட்டது. இந்த முறை அதை எழுதாமல் ஆரம்பிக்கிறேன். பதறாதே, யாருக்கும் ஒன்றும் ஆகிவிடவில்லை. உன் அம்மா அடுப்பங்கரையில் நின்றபடி சோறு வடித்துக்கொண்டிருக்கிறாள். உன் கடிதம் நேற்று வந்தது. உன் மாமியாருக்கு முட்டி தேய்ந்து நடக்கவே முடியவில்லை, பம்பாய் டாக்டர் செயற்கை மூட்டு வைக்கலாம் என்கிறார், அம்மாவுக்குச் செய்ததுபோல் செய்யலாமா கூடாதா, ஒரே வரியில் பதில் போடுங்கள் என்று கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் விஷயத்தைச் சொல்லத் தெரிந்தவனாக இருந்தால் நான் தந்தி ஆபீசில் வேலைக்குச் சேர்ந்திருப்பேன். எனக்கு வளவளவென்றுதான் எழுத வரும். இன்று அமாவாசை, தறிக்கு லீவு. காகிதமும் நிறைய இருக்கிறது. பொறுமையாகப் படி.

அம்மாவின் ஆபரேஷனுக்கு நீ வந்தாய். ரத்தம் கொடுத்தாய். நாலைந்து நாள் மெட்ராஸ் ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னோடு துண்டு விரித்துப் படுத்தாய். தொடையிலிருந்து கணுக்கால்வரை கட்டோடு கிடந்த அம்மாவைப் பார்த்துவிட்டு, லீவு முடிந்து ரயிலேறினாய். உனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். 'அம்மா நன்றாக நடக்கிறாள்' என்று அதற்கப்புறம் எழுதச் சொன்னது அவள். நானும் எழுதினேன். பொய்யில்லை, நடந்தாள்தான். எப்படி நடந்தாள் என்பதைத்தான் எழுதவில்லை. ஆபரேஷன் என்பது டாக்டரின் வேலை, அது ஒரு காலைப்பொழுதில் முடிந்துவிடுகிறது. மீதி வேலை வீட்டில் இருக்கிறவன் தலையில் விழுகிறது. அதை நமக்கு முன்கூட்டியே சொல்கிறார்கள், ஆனால் அப்போது நம் காதில் ஏறுவதில்லை.

நம் வீட்டுத் தறியில் நான் நடுவிலும் அவள் என் வலது பக்கமும் உட்கார்ந்து கோர்வை போடுவது உனக்கு நினைவிருக்கும். உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், இரண்டையும் கோத்து நெய்ய இரண்டு பேர் வேண்டும். குறுக்கு நூல் ஓடுகிற என் நாடாவை நான் விட்டால் அவள் கரைக்கான நாடாவை வாங்கித் திருப்பி விடுவாள். இரண்டு பேர் காலும் தறிக்குக் கீழே ஒரே குழிக்குள் தொங்கும், மிதிகட்டையை மிதிப்பது மட்டும் நான். கல்யாணமான புதிதில் அந்தக் குழிக்குள் கால் மேல் கால் பட்டுவிட்டால் "தெரியாம பட்டுடுச்சி" என்பேன், அவளும் "தெரியாம தான்" என்பாள். ரொம்ப நாள் வரைக்கும் எங்களுக்குள் பேச்சு அவ்வளவுதான். தறியில் நான் எவ்வளவு சிடுமூஞ்சி என்பதும் உனக்குத் தெரியும். ஒரு கோடை லீவில் நீ ஆசையாக நெய்த நாலு விரல் துணியை, "இது நெசவாடா, சல்லடையா?" என்று கேட்டு உன் கண் எதிரிலேயே பிரித்தெடுத்தவன் நான். அவள் விட்ட நாடா மட்டும் ஒருநாளும் பிந்தியதில்லை.

அந்தக் குழியிலிருந்து ஏறுவதுதான் அவளுக்கு முதலில் கஷ்டமாயிற்று. எனக்குத் தெரியாமல் பார்த்துக்கொண்டாள். சாப்பாட்டு நேரத்துக்கு நான் எழுந்தால், "நீங்க போங்க, இந்தச் சிக்க எடுத்துட்டு வரேன்" என்பாள். நானும் போய்விடுவேன். ஒருநாள் மறந்துவிட்ட துண்டை எடுக்கத் திரும்பி வந்தேன். இரண்டு கையையும் தரையில் ஊன்றி, வலது காலை இழுத்துக்கொண்டு, குழந்தைபோல் தவழ்ந்துகொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும், "இன்னா பாக்கறீங்க? ஊசி வுழுந்துடுச்சி, தேடிக்கினு இருக்கறேன்" என்றாள். நானும் அவள் பக்கத்தில் குனிந்து இல்லாத ஊசியைத் தேடினேன். கொஞ்ச நேரம் இருவரும் தேடினோம்.

அதற்குப் பிறகு எண்ணெய், ஒத்தடம், பற்று, ஊசி எல்லாம் பார்த்தாயிற்று. ஏகாம்பரநாதர் கோவில் பிராகாரத்தைச் சுற்றுவதை விட்டாள், கேட்டால் கூட்டமாக இருக்கிறது என்பாள். கூட்டமே இல்லாத நாளிலும் கூட்டம் என்பாள். கடைசியில் குழிக்குள் காலை இறக்கவே முடியாமல் போய், நான் தனியாக உட்கார்ந்து கோர்வை இல்லாத புடவை நெய்ய ஆரம்பித்தேன். பக்கத்தில் அவள் உட்காருகிற இடம் காலியாகக் கிடந்தது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, அங்கே நூல் கூடையை வைத்துவிட்டேன்.

மெட்ராஸில் பார்த்த டாக்டர் சீமையில் படித்துவிட்டு வந்தவர், உன்னைவிட ஏழெட்டு வயது மூத்தவராக இருப்பார். பீரோ கதவுக்குப் போடுகிற கீலைப் போல எஃகில் ஒன்றை எடுத்து மேஜைமேல் வைத்து, இதைத்தான் உள்ளே வைக்கப்போகிறேன் என்றார். உன் அம்மா அதைக் கையில் வாங்கி, எடை பார்த்து, மடக்கி நீட்டி, "இதுக்கு எண்ணெ வுடணுமா டாக்டர்?" என்று கேட்டாள். அவர் சிரித்துவிட்டார். அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். உடம்பு எடை குறைய வேண்டும். வாயில் சொத்தைப் பல் இருந்தால் முதலில் பிடுங்கிவிட்டு வர வேண்டும், இல்லாவிட்டால் அந்தச் சீழ் ரத்தத்தில் போய் புது மூட்டில் உட்கார்ந்துகொள்ளும். தொடைச் சதைக்கு வலு வர, கணுக்காலில் மணல் மூட்டை கட்டிக்கொண்டு படுத்தபடி காலைத் தூக்கித் தூக்கி இறக்க வேண்டும். வெளியே வந்ததும் அவள், "முட்டி வலிக்குதுன்னு வந்தா பல்ல புடுங்கச் சொல்றாரு. தலவலின்னு போனா இன்னாத்த புடுங்குவாரோ" என்றாள். ஆனால் சொன்னதற்கு மேல் செய்தாள். பல்லைப் பிடுங்கியதில் கஞ்சியே ஆகாரமாகி எடையும் இறங்கியது. மணல் மூட்டையை என் கையால் கட்டிவிடுவேன், அவள் தூக்குவாள். போதும் என்றால் கேட்கமாட்டாள். உன் மாமியாருக்கும் இந்த ஏற்பாடு எல்லாவற்றையும் இப்போதே ஆரம்பித்துவிடு. அதில் ஒரு கஷ்டமும் இல்லை.

டாக்டர் சொன்ன கடைசி விஷயம்தான் எங்களைத் திகைக்க வைத்தது. "இனிமே தரையில உக்காரக் கூடாது. குந்தவும் கூடாது, சம்மணம் போடவும் கூடாது." நம் வீட்டில் தரையைத் தவிர வேறு என்ன இருக்கிறது? சாப்பிடுவது தரையில், படுப்பது தரையில், அரிசி களைவது தரையில், கொல்லைக்குப் போனால் குந்தித்தான் ஆக வேண்டும். உன் சித்தி ஐயம்பேட்டையிலிருந்து கட்டில் ஒன்றைக் கொண்டுவந்து போட்டு, அக்காவுக்கு ஒத்தாசையாக எங்களோடேயே தங்கிவிட்டாள். அடுப்புக்கு மேடை கட்டினேன். தச்சரிடம் போய், நடுவில் ஓட்டை வைத்து ஒரு நாற்காலி வேண்டும் என்று சொல்வதற்குள் எனக்கு வியர்த்துவிட்டது. நம் வீட்டுக்கு வந்த முதல் நாற்காலி அதுதான். கொல்லையில் வைக்க வேண்டியதை வெயிலில் காயட்டும் என்று வாசலில் வைத்திருந்தேன், தெருக்கோடியிலிருந்து நலம் விசாரிக்க வந்தவர் ஒருவர் அதில் ஜம்மென்று உட்கார்ந்து காப்பி குடித்துவிட்டுப் போனார். உன் அம்மா சிரித்த சிரிப்பில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஆபரேஷனுக்கு முன்னால் அவள் கடைசியாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

நீ ரயிலேறிய பிறகு கட்டைப் பிரித்தார்கள். கால் பயிற்சி சொல்லிக்கொடுக்கிற அம்மா ஒருவர் வந்து, உன் அம்மாவைக் கட்டில் ஓரத்தில் உட்கார வைத்து, என்னை எதிரே மணையில் உட்காரச் சொன்னார். "கணுக்காலப் புடிச்சி பின்னால தள்ளுங்க. கத்துவாங்க. கத்தட்டும், நீங்க நிறுத்தாதீங்க. இப்ப மடக்கலன்னா உள்ள தழும்பு இறுகிடும், அப்புறம் எப்பவும் மடங்காது. வீட்டுக்குப் போனாலும் காலையில சாயந்திரம் நீங்கதான் செய்யணும்" என்றார். நான் தள்ளினேன். உன் அம்மா கத்தவில்லை. வேறு ஏதோ ஒரு சத்தம் வந்தது, அத்தனை வருஷத்தில் நான் அவளிடம் கேட்டிராத சத்தம். உன்னைப் பெற்றபோதுகூட நான் தெருவில்தான் நின்றேன், உள்ளே நடந்தது எனக்குத் தெரியாது. என் கை தானாக விட்டுவிட்டது. அந்த அம்மா என்னைப் பார்த்த பார்வையில், உங்களை எல்லாம் யார் கூட வரச் சொன்னது என்று இருந்தது. நான் என்ன செய்வேன்? இந்தக் கைக்கு ஒரு இழையைக்கூட அறாமல் இழுக்கத்தான் தெரியும்.

வீட்டுக்கு வந்தோம். காலையும் மாலையும் மணையைப் போட்டுக்கொண்டு அவள் எதிரே உட்காருவேன். கணுக்காலைப் பிடிப்பேன். பிடிப்பதோடு சரி, தள்ளுவதுபோல் தோளை மட்டும் ஆட்டுவேன். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. நான் கையை வைப்பதற்கு முன்னாலேயே "ஐயோ" என்பாள். நான் உடனே எடுத்துவிடுவேன். அடுப்பங்கரையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்த உன் சித்தி, "மாமா நல்லா தான் மடக்கறாரு, பாவம் அக்கா" என்று தெருவில் சொல்லியிருக்கிறாள். நான் தள்ளவில்லை என்று உன் அம்மாவுக்குத் தெரியும். அவளுக்கு அப்போது வலிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை, ஊசி தேடிய அன்றைக்கு மாதிரியே.

இதில் தெருவும் சேர்ந்துகொண்டது. பார்க்க வந்தவர்கள் எல்லாம் சாத்துக்குடி வாங்கி வந்தார்கள், கட்டிலின் காலடியில் நின்றுகொண்டு, "ஆட்டாத, அசங்காத, புது மூட்டு" என்றார்கள். காலை நீட்டிக்கொண்டிருந்தால் இழுத்துப் பிடிக்கிறது என்று அவள் முகம் சுளித்தபோது, நான் தறியில் உட்காரப் போட்டுக்கொள்கிற திண்டை எடுத்து யாரோ முட்டிக்கு அடியில் வைத்தார்கள். முட்டிக்கு அடியில் எதையும் வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்கள். எங்கள் எல்லோருக்கும் அது நினைவிருந்தது. ஆனால் அதை வைத்தவுடன் அவள் "அப்பாடா" என்று கண்ணை மூடினாளே, அதைப் பார்த்த பிறகு யாருக்கு எடுக்க மனம் வரும்? திண்டு அங்கேயே இருந்தது. கொஞ்ச நாளில் கால் மடங்கவும் இல்லை, முழுசாக நீளவும் இல்லை, ஒரு விறகுக் கட்டைபோல் நின்றுவிட்டது. அந்தக் காலை வீசி வீசித்தான் அவள் நடந்தாள். 'அம்மா நன்றாக நடக்கிறாள்' என்று நான் உனக்கு எழுதியது அந்த நடையைத்தான்.

மறுபடி காட்டப் போனபோது டாக்டர் ஒரு அளவுகோலை வைத்து அளந்து பார்த்தார். அவளிடம் ஒன்றும் சொல்லவில்லை. என்னை வெளியே கூப்பிட்டு, "நான் வெச்ச மூட்டு நல்லாதான் இருக்கு. நீங்கதான் அதப் பூட்டி வெச்சிருக்கீங்க" என்றார். மறுபடி மயக்க மருந்து கொடுத்து, அவள் தூங்கும்போது தானே பலமாக மடக்கிவிடுவதாகச் சொன்னார். அதையும் தள்ளிப்போட்டால் ஒன்றும் செய்வதற்கில்லை, கால் அப்படியே நின்றுவிடும் என்றார். நான் உள்ளே போய் அவளிடம் சொன்னேன். "வேணாம்" என்றாள். "போன வாட்டி மயக்கத்துல நான் எங்க போனேன்னு எனக்கே தெரியல. இன்னொரு வாட்டி போமாட்டேன். வலிக்கறதுன்னா நான் முழிச்சிக்கினு இருக்கும்போது வலிக்கட்டும்." அவள் ஒரு முடிவெடுத்தால் என்னால் மாற்ற முடிந்ததில்லை. டாக்டரையும் பார்க்க முடியவில்லை, அவளையும் பார்க்க முடியவில்லை, ஆஸ்பத்திரிச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் கூட்டம். மடங்காத காலை நடைபாதையில் நீட்டிக்கொண்டுதான் அவளால் உட்கார முடிந்தது. ஏறுகிறவர்கள், இறங்குகிறவர்கள் எல்லோரும் அந்தக் காலைத் தாண்டிப் போனார்கள். கண்டக்டர் நல்ல மனுஷன்தான், "கால கொஞ்சம் மடக்கிக்கம்மா, யார்னா மிதிச்சிடப் போறாங்க" என்றார். அவளுக்கு முகம் சிறுத்துவிட்டது. நான் ஏதாவது சொல்லியிருக்கலாம், ஆபரேஷன் ஆன கால் என்று சொல்லியிருக்கலாம். காஞ்சிபுரம் வந்து சேரும்வரை அவள் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தாள்.

வீட்டுக்குள் நுழைந்ததும் கட்டிலுக்குப் போகாமல் தறியண்டை போய் நின்றாள். "என்னத் தறியில எறக்குங்க" என்றாள்.

"தரையில உக்காரக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது மறந்து போச்சா?" என்றேன்.

"தரையில எங்க உக்காரப் போறேன்? காலு குழிக்குள்ள தான தொங்கும். நாற்காலி மாதிரி தான். உன் மாமா போட்ட ஓட்ட நாற்காலிய விட இது எவ்வளவோ மேலு, இல்லடி?" என்று சித்தியைப் பார்த்துக் கேட்டாள். சித்தி அழுதுகொண்டே சிரித்தாள்.

ஒரு உயரமான மணையில் அவளை உட்கார வைத்து, நானும் சித்தியும் கக்கத்தில் கைகொடுத்து, மெல்ல நகர்த்தி இறக்கினோம். நூல் கூடையை எடுத்துவிட்டு அவளுடைய இடத்தில் உட்கார வைத்தோம். விறைத்த கால் குழிக்குள் பாதி நீண்டு நின்றது, பாதம் அடியில் படவில்லை. அவள் சொன்னபடி வலது மிதிகட்டையோடு ஒரு பலகைத் துண்டைச் சேர்த்துக் கட்டி அவள் பக்கம் நீட்டினேன். அவளுடைய பாதத்தை அதன்மேல் வைத்து, வழுக்காமல் இருக்கப் பழைய வேட்டித் துணியால் சுற்றிக் கட்டினேன். தறியில் ஒரு கட்டையை மிதித்தால் மற்றது மேலே வரும், உனக்கே தெரியும். நான் இடது கட்டையை மிதித்தால் வலது கட்டை எழும்பி அவள் முட்டியை மடக்கும். வலதை மிதித்தால் அது இறங்கி அவள் காலை நீட்டும். அதை அவள் பஸ்ஸில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே யோசித்திருக்கிறாள். "கையால தான உங்களால முடியல. காலால மிதிங்க. என் மூஞ்சிய பாக்காதீங்க, துணிய பாத்து நெய்யுங்க" என்றாள்.

மிதித்தேன். வேறு வழி? துணியைப் பார்த்துக்கொண்டு மிதித்தேன். கரை நாடா அவள் கையிலிருந்து வர வேண்டும், வந்தால்தான் நான் அடுத்த இழை போட முடியும். நாடா வந்தது. அடுத்ததும் வந்தது. அப்புறம் பிந்த ஆரம்பித்தது. அவள் அழுகிறாளா, பல்லைக் கடிக்கிறாளா என்று எனக்குத் தெரியாது, நான் திரும்பவில்லை. நாடா எவ்வளவு பிந்துகிறதோ அவ்வளவு வலிக்கிறது என்று தெரிந்துகொண்டேன். ரொம்பப் பிந்தும்போது என் கால் நின்றுவிடும். "மிதிங்க" என்பாள். மிதிப்பேன். அந்தப் புடவையில் இழையை நெருக்குகிற அடி ஒரே சீராக விழவில்லை, ஒரு இடம் நெருக்கம், ஒரு இடம் தளர்ச்சி. யார் நெய்திருந்தாலும் நான் பிரிக்கச் சொல்லியிருப்பேன். அன்றைக்கு எனக்கு அது கண்ணிலேயே படவில்லை. தினம் கொஞ்சம் கொஞ்சமாக, அவள் தாங்குகிற அளவு பார்த்து நெய்தோம். இப்படித்தான் அந்த முட்டி திறந்தது.

முழுக்கத் திறந்துவிட்டது என்று எழுதினால் மறுபடி பொய்யாகும். நாற்காலியில் உட்காருகிற அளவுக்கு மடங்குகிறது, அதற்குமேல் இல்லை. டாக்டர் அதுவே பெரிய விஷயம் என்றார். அடுத்த தடவை பஸ்ஸில் காலை மடக்கி ஒழுங்காக உட்கார்ந்து வந்தாள், கண்டக்டர் ஒன்றும் சொல்லாதது அவளுக்கு அத்தனை சந்தோஷம். ஆனால் குழியில் இறங்கவும் ஏறவும் இன்றைக்கும் இரண்டு பேர் வேண்டும். போன ஐப்பசியில் ஒருநாள் அவளைத் தறியில் விட்டுவிட்டு நான் ஜரிகை வாங்கப் போனேன், சித்தி ஊருக்குப் போயிருந்தாள். மழை பிடித்துக்கொண்டது. கடை வாசலில் நின்று நின்று, பொறுக்க முடியாமல் நனைந்துகொண்டே ஓடிவந்தேன். தெருத் தண்ணீர் வீட்டுக்குள் ஏறிக் குழிக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. முழங்கால்வரை தண்ணீரில் காலைத் தொங்கவிட்டுக்கொண்டு, நெய்த துணி நனையாமல் மடியில் சுருட்டிப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். பக்கத்து வீட்டைக் கூப்பிடக்கூட இல்லை. "ஏன் கத்தல?" என்று அவளைத்தான் திட்டினேன், பயத்தில். "காலு சில்லுனு நல்லா தான் இருந்துது" என்றாள். அன்றைக்கு அடுப்பங்கரையில் போய் நின்று கொஞ்சம் அழுதேன். இதையும் உனக்கு எழுதவில்லை.

ஆகவே உன் கேள்விக்குப் பதில், செய்யலாம். அந்த எஃகு மூட்டைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது, அவள் இப்போது முட்டி வலியில்லாமல் நிற்கிறாள். ஆனால் மடக்கி விடப்போவது யார் என்று முதலில் முடிவு செய். உன் மனைவியிடம் விடாதே. பெற்றவளின் காலைப் பிடித்தால் அவள் கையும் என் கையைப் போலத்தான் விட்டுவிடும். நீ செய்யலாம் என்றால், மாப்பிள்ளை எதிரில் காலை நீட்டிக்கூட உட்காராத மனுஷி அவர்கள், உன் கையில் பாதத்தைக் கொடுப்பார்களா? கேட்டுப் பார். கூச்சத்தில் கத்தாமல் இருந்தாலும் இருப்பார்கள். பம்பாயில் சம்பளத்துக்கு அதற்கென்று ஆள் கிடைத்தால் இன்னும் நல்லது, நீங்கள் இருவரும் அந்த நேரத்துக்கு வெளியே போய்விடுங்கள். திண்டு, தலையணை எதையும் முட்டிக்கு அடியில் வைக்க விடாதே. எவ்வளவு கெஞ்சினாலும் வைக்காதே.

இப்போது நான் இந்தக் கடிதம் எழுத உட்கார்ந்த விஷயத்துக்கு வருகிறேன். அம்மாவின் இடது முட்டியும் போய்விட்டது. வலது காலைக் காப்பாற்ற இத்தனை நாள் எல்லாப் பாரத்தையும் அதன்மேல் போட்டுவிட்டாள். தை மாதம் செய்துவிடலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவளும் சரி என்றுவிட்டாள். மணல் மூட்டையைத் தேடி எடுத்து இடது காலுக்குக் கட்டச் சொல்கிறாள், நான் தினமும் கட்டிவிடுகிறேன். "தையல் பிரிச்சி, டாக்டர் சரின்னு சொன்ன அன்னிக்கே என்னத் தறியில எறக்கிடணும். இந்த வாட்டி திண்டு கிண்டுன்னு ஏமாந்து போவக் கூடாது. நீங்க மிதிச்சா போதும், மிச்சத்த நான் பாத்துக்கறேன்" என்கிறாள். என்னை நம்பித்தான் அந்தக் காலை அறுக்கக் கொடுக்கிறாள்.

ஆனால் மிதிக்கிற என் முட்டி வீங்க ஆரம்பித்துவிட்டது. ஆடி மாதத்திலிருந்தே வலி. தறியைவிட்டு ஏறும்போது கம்பத்தைப் பிடித்துக்கொள்கிறேன், அவள் அடுப்பங்கரையில் இருக்கும்போதாகப் பார்த்து ஏறுகிறேன். கொஞ்ச நேரம் மிதித்தால் கால் நடுங்குகிறது. வெறும் புடவை நெய்யும்போது நடுவில் நடுவில் நிறுத்திக்கொள்ளலாம், அவள் காலைக் கட்டிய கட்டையை நிறுத்தி நிறுத்தி மிதித்தால் மறுபடி பூட்டிக்கொள்ளும். அவளிடம் சொன்னால் ஆபரேஷனே வேண்டாம் என்றுவிடுவாள், அப்புறம் தவழ்ந்துகொண்டுதான் இருப்பாள். சொல்லாமல் இருந்தால் அறுத்த காலோடு குழியில் உட்கார்ந்துகொண்டு என் காலை நம்பியிருப்பாள். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. இத்தனை வயதில் எந்தப் பக்கம் போவதென்று தெரியாமல் நிற்கிறேனடா.

நீ வா. தையல் பிரிக்கிற நாளை ஒட்டி எத்தனை நாள் லீவு கிடைக்குமோ அத்தனை நாள் வா. தறியை விட்டுப் போய் எத்தனையோ வருஷமாயிற்று, கை மறந்திருக்கும் என்று தயங்காதே. அவள் முகத்தைப் பார்க்காமல் துணியைப் பார்த்துக்கொண்டிருக்க முடிந்தால் போதும். துணி சல்லடையாக வந்தாலும் வரட்டும், நான் பிரிக்கமாட்டேன். நெய்யக்கூட வேண்டாம், மிதித்தால் போதும்.

பதில் வந்தால் அவளுக்கு நான் உரக்கப் படித்துக் காட்ட வேண்டும், பக்கத்திலேயே நிற்பாள். அதனால் என் முட்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தையும் எழுதாதே. லீவு கிடைத்தது என்று மட்டும் எழுது.

அன்புடன்,
அப்பா